சக்கரத்துக்குத் தெரு வேணும்

தலைச்சுமைக்கு வரப்பு போதும். நெல்லுக்கட்டோ, எருக்கூடையோ, வலியெடுத்த பிள்ளைத்தாச்சியைப் போட்ட கயித்துக் கட்டிலோ, எதுவானாலும் ஒன்றரை அடி வரப்பில் ஒருத்தர் பின்னால் ஒருத்தராக நடந்து கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம். எங்க சனங்க தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் சுமந்திருக்கிறார்கள். சக்கரத்தின் சங்கதி வேறு. சக்கரம் உருள அகலம் வேணும், கெட்டித் தரை வேணும். அதாவது அதற்குத் தெரு வேணும். தெரு யாருடையது என்ற கேள்வி உடனே பின்னால் வந்து நிற்கிறது. எங்கள் காலனியில் ஒரு படகை இழுத்துப் போவதற்காகச் செய்த இரண்டு சக்கர வண்டியைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். ஓட்டை சைக்கிளில் செய்த சாமான்தானே, இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் கடைசிவரை படித்துவிட்டுக் கேட்கட்டும்.

கடலூர் மாவட்டத்தில், தென்பெண்ணைக்கு அதிக தூரமில்லாத ஊர் எங்களுடையது. எல்லா ஊரையும் போலத்தான் அமைப்பு. ஊர்த்தெரு மேட்டில், காலனி கிழக்கே பள்ளத்தில், ஏரி மேற்கே. காலனியிலிருந்து ஏரிக்குப் போக இரண்டு வழி. ஊர்த்தெரு வழியாகத் தார்ரோட்டில் போனால் ஒரு கிலோமீட்டர். வாய்க்கால் வரப்பைச் சுற்றிப் போனால் அதைப்போல இரண்டு மடங்கு. எங்க பொணம் வரப்பில்தான் போகிறது. ஏரியில் தாமரை இலை பறிக்கப் போகும் எங்க பொம்பளைகளும் வரப்பில்தான் போகிறார்கள். தெருவில் நடக்கக் கூடாது என்று இப்போது யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. வெறுங்கையோடு நடக்கலாம், பஸ்ஸுக்குப் போகலாம், ரேஷன் கடைக்குப் போகலாம். ஆனால் சுமையோடு போகக் கூடாது, பொணத்தோடு போகக் கூடாது, மேளத்தோடு போகக் கூடாது. எழுதாத சட்டம். எழுதாததால்தான் அழிக்க முடியவில்லை.

2015 நவம்பர் மழை எங்கள் மாவட்டத்தை என்ன செய்தது என்று எல்லோருக்கும் தெரியும். நவம்பர் 9-ஆம் தேதியை ஒட்டி நெய்வேலிப் பக்கம் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் பெய்தது. மேட்டில் பெய்த தண்ணீரெல்லாம் பள்ளத்துக்கு வரும். பள்ளம் என்றால் காலனி. மாவட்டம் முழுக்க எந்த இடம் முதலில் மூழ்கியது என்று கேட்டால் போதும், சேரி எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும். இயற்கைப் பேரிடர் என்று பேப்பரில் எழுதினார்கள். பள்ளத்தில் எங்களைக் குடிவைத்தது இயற்கையா? எங்க சனங்க இரண்டு ராத்திரி பள்ளிக்கூட மொட்டைமாடியில் கிடந்தார்கள். மீட்புப் படகு தார்ரோடு வரைக்கும் வந்தது, ஊர்த்தெருவின் கடைசி வீடு வரைக்கும் வந்தது, திரும்பிப் போனது. எங்க ஆயா மாடியிலிருந்து புடவையை ஆட்டி ஆட்டிக் கை ஓய்ந்து உட்கார்ந்தது. "நமக்குன்னு ஒண்ணு இருந்தா இவனுங்கள ஏன் எதிர்பாக்கணும்?" என்று அப்போது சொன்னதுதான் பிறகு எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

அடுத்த வருஷம் வீட்டுக்கு முந்நூறு ரூபாய் வசூல் பண்ணி, கடலூர் முதுநகர் துறைமுகத்துப் பக்கம் ஓரமாகக் கிடந்த ஒரு பழைய ஃபைபர் படகை வாங்கினோம். பதினாலு அடி நீளம், மூணு அடி அகலம், குறுகலான படகு. துடுப்புப் போட்டு ஓட்டுவது. ஓட்டையை அடைத்து, அம்பேத்கர் மன்றத்துக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு நிறுத்தினோம். வெள்ளத்துக்கு மட்டும் ஒரு படகை வைத்துப் பூசை பண்ண முடியாது. ஏரியில் தாமரை இலை பறிக்கவும், கோரை அறுக்கவும் அதையே எடுத்துப் போகலாம் என்று முடிவானது. ஏரியின் மீன் ஏலம் எங்களுக்கு எப்போதும் கிடைத்ததில்லை. இலையும் கோரையும் யாரும் சண்டைக்கு வராத பொருள். கழுத்தளவு தண்ணீரில், அட்டை கடிக்க, தாமரைத் தண்டின் முள் கிழிக்க நின்று பறிக்கும் வேலைக்கு யார் சண்டைக்கு வருவார்? படகு வந்த பிறகு பொம்பளைகள் அதில் உட்கார்ந்து பறித்தார்கள். ஒரு நாளில் பறிப்பது இரண்டு பங்கு ஆனது. காலில் சேற்றுப்புண் இல்லை.

படகை ஏரிக்கரையிலேயே விட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். ஒரு முறை விட்டோம். காலையில் அடிப்பக்கத்தில் கடப்பாரை இறங்கின ஓட்டை இருந்தது. யார் என்று எங்களுக்குத் தெரியும். சாட்சி இல்லை. அன்றிலிருந்து தினமும் போகும்போது தூக்கிப் போவது, வரும்போது தூக்கி வருவது. எண்பது கிலோ. ஆறு ஆம்பளை வேணும். வரப்பில் பக்கத்துக்குப் பக்கம் நடக்க இடமில்லை. ஆகவே ஆறு பேரும் ஒரே வரிசையில் படகைத் தலைக்கு மேல் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். நடுவில் இருப்பவருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்றே தெரியாது. தூரத்திலிருந்து பார்த்தால் பன்னிரண்டு கால் முளைத்த ஒரு படகு நடந்து போகிற மாதிரி இருக்கும். பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கும். பாடை தூக்குகிறவர்களே படகும் தூக்கினார்கள். தோள் ஒன்றுதான்.

ஆறு ஆம்பளைக்கு எங்கே போவது? காலனியில் வேலை செய்கிற வயசில் உள்ள ஆம்பளைகள் பாதிப் பேர் சென்னையில் கட்டட வேலை, மீதிப் பேர் திருப்பூர். பொங்கலுக்கும் தேர்தலுக்கும் வருவார்கள். மற்ற நாளில் படகு கொட்டகையில் கிடக்கும், பொம்பளைகள் பழையபடி கழுத்தளவு தண்ணீரில் நிற்பார்கள். எங்க பெரியம்மா ஒரு நாள் சொன்னது: "வாங்குனது நம்ம காசு. பறிக்கறது நம்ம கையி. ஆனா எடுத்தும்போவ ஆம்பள வேணுமாம். அப்ப அது யாரு படகு?"

2021 நவம்பரில் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. எங்கள் காலனியில் முழங்காலளவுதான். ஆற்றை ஒட்டி மூணு கிலோமீட்டரில் இன்னொரு காலனி. எங்களுக்குச் சம்பந்தி ஊர். அங்கே வீட்டுக்குள் இடுப்பளவு. ராத்திரி போன் வந்தது, "உங்க படகக் கொண்டாங்க" என்று. எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் இருப்பது மேட்டு ஊர்த்தெருவும் தார்ரோடும். மேட்டில் படகு மிதக்காது. சுமக்க ஆறு பேர் இல்லை. டிராக்டர் வைத்திருந்த இரண்டு பேரைக் கேட்டோம். ஒருத்தர் டீசல் இல்லை என்றார். இன்னொருத்தர் டிரைவர் இல்லை என்றார். விடியும்வரை அந்தப் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அங்கே சாவு எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் அதற்கும் இயற்கைதான் பேர் வாங்கியிருக்கும்.

2022 பொங்கலுக்கு எல்லோரும் வந்தபோது மன்றத்தில் கூட்டம் போட்டோம். இரண்டு பொம்பளைகள் இழுத்துப் போகிற மாதிரி ஒரு வண்டி செய்வது என்று பேசினோம். மாட்டு வண்டி வாங்கக் காசில்லை. காசிருந்தாலும் மாடு வேணும். டவுனில் இரும்புக் கடையில் கேட்டால் டிரெய்லர் இருபத்தைந்தாயிரம் என்றார்கள். அப்போதுதான் கொட்டகைக்குப் பின்னால் கிடந்த சைக்கிள்கள் கண்ணில் பட்டன.

இலவச சைக்கிள் திட்டம் தமிழ்நாட்டில் முதலில் வந்தது ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்குத்தான். 2001-02 கல்வியாண்டு. பிறகு 2005-06-இல் எல்லா மாணவர்களுக்கும் விரிந்தது. எனக்கு 2003-இல் பதினோராம் வகுப்பில் கிடைத்தது. எங்க வீட்டுக்கு வந்த முதல் சக்கரம் அது. காலனியிலிருந்து ஏறி மிதித்து வருவேன். ஊர்த்தெரு தொடங்குகிற வேப்பமரத்தடியில் இறங்குவேன். தெருவை உருட்டிக்கொண்டே கடப்பேன். தெரு முடிகிற தண்ணித்தொட்டி தாண்டி மறுபடி ஏறுவேன். நாங்கள் நாலு பெண்கள், நாலு பேரும் அப்படித்தான். அரசாங்கம் சைக்கிள் கொடுத்தது. மிதிக்கத் தெரு கொடுக்கவில்லை. மழைக்காலத்தில் எங்களைத் தாண்டி ஊர்ப்பிள்ளைகள் மணியடித்துக்கொண்டு போவார்கள், நாங்கள் சைக்கிளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நனைந்தபடி நடப்போம். எம்.ஏ. தமிழ் படிக்கப் போனபோது அந்த சைக்கிளை விட்டுவிட்டுப் போனேன். அதுவும், இன்னொரு பெண்ணின் சைக்கிளும்தான் படகு வண்டியானது.

செய்தவர் எங்க மாமா. டவுனில் வெல்டிங் பட்டறையில் இருபது வருஷமாகக் கூலிக்கு வேலை செய்கிறவர், பட்டறை சொந்தமில்லை. அவர் சொல்லித்தான் சக்கரத்தைப் பற்றிச் சில விஷயம் எனக்குத் தெரிந்தது. பசங்கள் முதலில் ஒரு பைப்பை நீளமாக வைத்து அதன் இரண்டு முனையிலும் சக்கரத்தை மாட்டிவிடலாம் என்றார்கள். மாமா தலையை ஆட்டினார். "சைக்கிள் சக்கரம் ரெண்டு பக்கமும் புடிச்சாத்தான் நிக்கும். ஒரு பக்கம் மட்டும் புடிச்சா பாரம் ஏறன உடனே அச்சு வளஞ்சிரும்" என்றார். அதற்காகத்தான் சைக்கிளில் ஃபோர்க் இருக்கிறது. சக்கரத்தின் அச்சை இரண்டு பக்கமும் தாங்குவது அது. ஆகவே இரண்டு சைக்கிளிலிருந்தும் முன்சக்கரத்தை ஃபோர்க்கோடு அறுத்து எடுத்தார். நிறுத்திவைத்தால் வண்டி உயரமாகி, படகு தலைகனத்துக் கவிழும். ஃபோர்க்கைப் படுக்கவைத்துப் பற்றவைத்தார். சட்டம் அச்சின் உயரத்துக்கே, தரையிலிருந்து ஒரு அடிக்கு இறங்கிவிட்டது. இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் மூணேகால் அடி, படகின் உடம்பு உட்காருகிற அளவு. வெளி அகலம் நாலு அடி. குறுக்கே ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு தாங்கு கம்பி, பிறைபோல வளைத்தது. படகு உரசாமல் இருக்க அதன் மேல் பழைய லாரி டியூபைச் சுற்றிக் கட்டினோம்.

வண்டியைப் படகின் எந்த இடத்தில் வைப்பது என்பதுதான் பெரிய கேள்வி. பசங்கள் கடைசியில் வைக்கலாம் என்றார்கள். எங்க தாத்தா ஏற்றம் இறைத்தவர். அவர் திண்ணையில் உட்கார்ந்தபடி, "ஏத்த மரத்தக் கடைசியிலயா நட்டு வச்சோம்?" என்று ஒரு கேள்வி கேட்டார். போதும். கணக்குப் போட்டுப் பார்த்தோம். பதினாலு அடி படகு, எண்பது கிலோ, கனம் நடுவில் ஏழாவது அடியில் நிற்கிறது. சக்கரத்தைக் கடைசியில் வைத்தால் முன்னால் பிடித்து இழுக்கிறவர் நாற்பது கிலோவைத் தூக்கிக்கொண்டே நடக்க வேணும். சக்கரத்தை எட்டாவது அடிக்குக் கொண்டுவந்தால் கையில் நிற்பது பத்துக் கிலோ. மீதி எழுபதையும் சக்கரம் வாங்கிக்கொள்ளும். சரியாக ஏழாவது அடியில் வைத்தால் கையில் கனமே இருக்காது, ஆனால் பள்ளம் மேட்டில் மூக்கு மேலும் கீழும் எகிறும். ஆகவே எட்டு. ஏற்றத்தில் ஏறி மிதித்தவருக்கு இந்தக் கணக்கு காலில் இருந்தது. எங்களுக்குக் காகிதம் தேவைப்பட்டது.

டயர், டியூப், சதுரப் பைப், வெல்டிங் ராடு, கட்டுவதற்கு நைலான் பட்டை, எல்லாம் சேர்த்து ஆயிரத்து எண்ணூற்றைம்பது ரூபாய் ஆனது. மாமா கூலி வாங்கவில்லை. தண்ணீருக்குள் வண்டியை இறக்கி, அதன் மேல் படகை மிதக்கவைத்துக் கட்டி, அப்படியே கரைக்கு இழுத்துவிடலாம், தூக்கவே வேண்டாம். ஒரே கவனம், தண்ணீரில் இறங்கின சக்கரத்தின் குண்டுகளுக்கு வாரம் ஒரு தடவை கிரீஸ் வைக்க வேணும், இல்லையென்றால் துருப்பிடித்து இறுகிவிடும். சேற்றில் போகும்போது காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டால் டயர் படிந்து, புதையாமல் உருளும்.

எம்.ஏ. வகுப்பில் புறநானூறு நடத்தினார்கள். உப்பு விற்கும் உமணர், வண்டிக்குக் கீழே சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவார்கள், வழியில் அச்சு முறிந்தால் மாற்றிக்கொள்ள. தமிழனின் முன்யோசனை என்று ஆசிரியர் வியந்து பேசினார். எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். அந்த வண்டியில் மூட்டை ஏற்றியது யார்? பள்ளத்தில் இறங்கின சக்கரத்தைத் தோள்கொடுத்துத் தூக்கியது யார்? இலக்கியத்தில் வண்டி வருகிறது, மாடு வருகிறது, அச்சுக்கூட வருகிறது. தோள் வரவில்லை. ஊர் வண்டிகளுக்குச் சேம அச்சாக எப்போதும் எங்க தோள்தான் இருந்திருக்கிறது. தேருக்கும் அப்படியே. சக்கரத்துக்கு அடியில் கட்டை போடுகிற, சறுக்கினால் உயிர்போகிற வேலை எங்களுக்கு, வடம் பிடிக்கிற புண்ணியம் அவர்களுக்கு. கண்டதேவித் தேரின் வடத்தைத் தொடுவதற்கு எங்க மக்கள் நீதிமன்றம் வரைக்கும் போக வேண்டியிருந்ததை நாம் பார்த்தோம்.

சக்கரத்தில் சாதி எவ்வளவு அழுத்தமாக உட்கார்ந்திருக்கிறது என்று முதலில் புரிந்துகொண்டவர்கள் நம் முன்னோர்தான். 1893-இல் அய்யன்காளி வெங்கானூரில் ஒரு வில்வண்டி வாங்கினார். இரண்டு மாடு பூட்டி, நல்ல வேட்டியும் தலைப்பாகையும் கட்டிக்கொண்டு, புலையர் நடக்கவே கூடாத பொதுச்சாலையில் ஓட்டிப் போனார். கல்லும் கம்பும் வந்தன. அவர் வண்டியை நிறுத்தவில்லை. 1901-இல் சிறுவன் அம்பேத்கர் தன் அப்பாவைப் பார்க்க மசூர் ரயில் நிலையத்தில் இறங்கியபோது, மகார் பிள்ளைகள் என்று தெரிந்ததும் ஒரு வண்டிக்காரரும் ஏற்றவில்லை. ஒருவர் மட்டும் இரண்டு பங்கு கூலிக்கு ஒத்துக்கொண்டார், பிள்ளைகளே ஓட்டிக்கொள்ள வேண்டும், தான் கூட நடந்து வருவேன் என்று நிபந்தனை போட்டு. அந்தப் பிள்ளை வெளிநாட்டில் படித்துப் பெரிய பட்டமெல்லாம் வாங்கி, 1929-இல் சாளிஸ்காவ் போனபோதும் குதிரைவண்டிக்காரர் ஓட்ட மறுத்தார். ஓட்டிப் பழக்கமில்லாத ஒரு மகார் தோழர் ஓட்ட, பாலத்தில் சக்கரம் சிக்கி, அம்பேத்கர் தூக்கி எறியப்பட்டார். கால் முறிந்தது. சென்னைச் சட்டமன்றத்தில் பொதுச்சாலை, பொதுக்கிணறு, குளம் எல்லாம் தாழ்த்தப்பட்டவர்க்கும் திறந்திருக்க வேண்டும் என்று இரட்டைமலை சீனிவாசன் 1924-இல் தீர்மானம் கொண்டுவந்தார். அரசமைப்புச் சட்டத்தின் 15-ஆவது பிரிவிலும் சாலையும் குளமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. எங்கள் ஊரில் அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கிலோமீட்டர் தெரு இருக்கிறது.

ஜனவரி கடைசியில், ஆம்பளைகள் எல்லாம் வேலைக்குத் திரும்பிப் போன பிறகு, வண்டி முதல் தடவை ஏரிக்குப் போனது. பெரியம்மா, என் அண்ணி, ஒன்றுவிட்ட தங்கச்சி, நான், நாலு பேர். இரண்டு பேர் முன்னால் இழுத்தோம், இரண்டு பேர் பக்கத்தில் பிடித்து நடந்தோம். எண்பது கிலோ என்பது மறந்தே போனது. அண்ணி, "இன்னா அண்ணி இது, புள்ளையக் கையப் புடிச்சிக் கூட்டிம்போற மாதிரி வருது" என்று என்னைப் பார்த்துச் சிரித்தது. வேப்பமரம் வந்தது. யாரும் நிற்கவில்லை.

கோயில் திண்ணையில் இருந்த பெரியவர் ஒருத்தர் எழுந்து வந்தார். "யாரு, காலனியா? படக இட்டுக்கினு எங்க இந்தப் பக்கம்?"

"ஏரிக்கு" என்றது பெரியம்மா.

"வரப்பு என்னாத்துக்கு இருக்குது?"

"வரப்புல சக்கரம் போவாது."

"அப்ப தலையில தூக்கிக்கினு போறது. தூக்காதவங்களா நீங்க?"

பெரியம்மா வண்டியின் மூக்கை இறக்கி வைக்காமலே பதில் சொன்னது. "தூக்கித் தூக்கிக் கழுத்தெலும்பு தேஞ்சி போச்சி பெரியவரே. இனிமே அது தன்னால உருண்டுகினு வரட்டும்."

அறுபது வயசு வரைக்கும் அந்தத் தெருக்காரர்களை 'ஆண்டே' என்று கூப்பிட்ட வாய் அது. 'பெரியவரே' என்று அன்றைக்குத்தான் முதலில் வந்தது. அவருக்குச் சக்கரத்தைவிட அந்தச் சொல்தான் அதிகமாகத் தைத்திருக்கும் என்று நினைக்கிறேன். முகம் கறுத்துப்போய் நின்றார். நாங்கள் கடந்து போய்விட்டோம்.

சாயங்காலம் இலையை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது தெரு முனையில் நாலு மோட்டார் சைக்கிள் குறுக்கே நின்றது. இளசுகள். அடிக்கவில்லை, திட்டக்கூட இல்லை. வண்டியை எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு மணி நேரம் நின்றோம். பறித்த இலை வாடிக்கொண்டிருந்தது. இருட்டினால் இலை வாங்க வருகிற வியாபாரி போய்விடுவார். நான் போனை எடுத்து 100-க்கு அழைத்தேன். போலீஸ் வந்தது, வண்டிகள் விலகின, நாங்கள் வீட்டுக்கு வந்தோம். புகார் எழுதிக் கொடுத்தோம். 1989-ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை 2015-இல் திருத்தினார்கள், அது 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொதுச் சாலையையும் நீர்நிலையையும் பயன்படுத்தவிடாமல் தடுப்பது குற்றம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. சைக்கிள் ஓட்டவிடாமல் தடுப்பதும் குற்றம், செருப்புப் போடவிடாமல் தடுப்பதும் குற்றம். அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது எனக்கு 2003-இன் மழைதான் ஞாபகம் வந்தது. புகாருக்கு ரசீது கிடைத்தது. வழக்குக்குப் பதிலாக அமைதிப் பேச்சுவார்த்தைக்கு அழைப்பு வந்தது.

பேச்சுவார்த்தையில் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். வாய்க்கால் வரப்பை எட்டு அடிக்கு அகலப்படுத்தி மண்பாதை போட்டுத் தருகிறோம், நூறு நாள் வேலையிலேயே செய்துவிடலாம், உங்களுக்கும் வேலை, உங்களுக்கே பாதை, பிரச்சினை முடிந்தது என்றார். ஊர்த்தரப்பு உடனே தலையாட்டியது. ஒரு காகிதம் தயாராக இருந்தது. காலனி தரப்பு இனிமேல் படகு வண்டியை வாய்க்கால் பாதை வழியாகவே கொண்டுசெல்லும் என்று அதில் தட்டச்சு அடித்திருந்தது. யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து வந்தோம்.

அன்றைக்கு ராத்திரி மன்றத்தில் நடந்த பேச்சைத்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன். நான் எழுந்து, இது தெருவில் வைக்கிற இரட்டை டம்ளர் என்று பேசினேன். தனிச் சுடுகாடு, தனித் தண்ணித்தொட்டி, தனிப் பாதை. எங்களை ஒதுக்குவதற்கு எங்க கையாலேயே மண் வெட்டச் சொல்கிறார்கள், கூலியும் தருகிறார்கள் என்றேன். பசங்கள் கைதட்டினார்கள். அண்ணி கைதட்டவில்லை. எழுந்து நின்று, "நீ சொல்றது ஞாயந்தான் அண்ணி. ஆனா நீ நாளைக்கு மதுரைக்கோ மெட்ராசுக்கோ கூட்டத்துக்குப் போயிடுவ. தெனம் அந்தத் தெருவுல வண்டி இழுக்கப்போறது நாங்க. மழையில அந்த வரப்புல வழுக்கி வுழுந்து எங்கம்மா இடுப்பு ஒடஞ்சி கெடக்குது. பாத வேணாம்னு எப்பிடி நான் சொல்லுவேன்?" என்றது. மன்றத்தில் சத்தமே இல்லை.

அண்ணி சொன்னதில் கொள்கைக்கு எதிரானது ஒன்றுமில்லை. நம்முடைய மேடைகளில் பாதை என்றால் அது உரிமை, மானம், வரலாறு. தினமும் நடக்கிறவளுக்கு அது இடுப்பெலும்பும்கூட. இரண்டில் எது பெரியது என்று கேட்கிற இடத்திலேயே சாதி பாதி ஜெயித்துவிடுகிறது. மானத்தோடு போனால் வழி நீளம், வசதியோடு போனால் தலை குனிய வேணும் என்று தேர்வுத்தாள் தயாரித்துக் கொடுப்பது அவர்கள். நாம் ஏன் அதில் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுத வேண்டும்?

பெரியம்மாதான் முடித்து வைத்தது. "பாதயப் போடட்டும். வாணாம்னு சொல்ல நாம என்ன பைத்தியமா? மழையில, ராத்திரியில, பொம்பளப் புள்ளைங்க தனியா போவ வர அது நல்லதுதான். ஆனா அந்தக் காயிதத்துல மட்டும் கையெழுத்து வாணாம். அதுலயும் போவோம், இதுலயும் போவோம்."

அடுத்த நாள் நாங்கள் போய் அதைத்தான் சொன்னோம். பாதை போடுங்கள், கையெழுத்துப் போட மாட்டோம். கையெழுத்து இல்லையென்றால் பாதை எதற்கு என்று ஊர்த்தரப்பில் ஒருவர் கேட்டுவிட்டார். அந்தப் பாதை எதற்காக யோசிக்கப்பட்டது என்று அவரே சாட்சி சொல்லிவிட்ட மாதிரி ஆகிவிட்டது. அதோடு அந்தத் திட்டம் கோப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. வரப்பு இன்னும் வரப்பாகவே இருக்கிறது, அண்ணியின் அம்மா இன்னும் கோலூன்றித்தான் நடக்கிறது. பாதைக்காக வருஷா வருஷம் மனு கொடுக்கிறோம். வண்டி தெருவில் போகிறது. முதல் மாதம் பின்னாலேயே ஒரு போலீஸ்காரர் வந்தார். பிறகு வரவில்லை. முணுமுணுப்பு இருக்கிறது, ஒரு தடவை டயரில் ஆணி இருந்தது. பஞ்சர் ஒட்டும் சாமான் எப்போதும் படகுக்குள் இருக்கிறது.

2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. டிசம்பர் 2-இல் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்தார்கள். தென்பெண்ணை இரு கரையையும் மீறியது. சம்பந்தி ஊர்க் காலனியிலிருந்து மறுபடி போன். இந்தத் தடவை யாரிடமும் டிராக்டர் கேட்கவில்லை. அண்ணியும் தங்கச்சியும், காலேஜ் படிக்கிற இரண்டு பசங்களும் கொட்டும் மழையில் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு, ஊர்த்தெரு வழியாக, தார்ரோடு வழியாக, மூணு கிலோமீட்டரை ஒரு மணி நேரத்துக்குள் கடந்து, தண்ணீர் தொடங்கின இடத்தில் வண்டியைக் கழற்றிவிட்டுப் படகில் ஏறினார்கள். விடியும்போது இருபத்திரண்டு பேரைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். பிள்ளை பெற்றுப் பதினோரு நாள் ஆன ஒரு பெண்ணும் அதில் உண்டு. இந்தச் செய்தி எந்தப் பேப்பரிலும் வரவில்லை. ஆகவே இங்கே எழுதிவைக்கிறேன்.

இதைப் படிக்கிற தோழர்கள் உங்கள் காலனியில் இப்படி ஒன்று செய்ய நினைத்தால், ஒரு நாள் வேலைதான். படகுக்குத்தான் என்று இல்லை. தண்ணிக்குடம் ஏற்றலாம், விறகு ஏற்றலாம், ஆஸ்பத்திரிக்கு ஆளை ஏற்றலாம். சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடிக்கிற மாதிரி ஃபோர்க்கோடு எடுங்கள், படுக்கவைத்துப் பற்றவையுங்கள். கனம் நிற்கிற இடத்துக்கு ஒரு அடி பின்னால் அச்சை வையுங்கள். வரப்பில் போகிற மாதிரி வண்டியைக் குறுக்கிச் செய்து கொடு என்று யாராவது யோசனை சொல்வார்கள், நம் ஆட்களே சொல்வார்கள், பிரச்சினை வேண்டாமே என்று. கேட்காதீர்கள். அகலம் குறைந்தால் வண்டி கவிழும். நாலு அடிக்குக் குறையாமல் செய்யுங்கள்.